கலிஃபோர்னியா சி.எல்.எஸ் உரிமம்: ஒரு வருடப் பயிற்சிக்கு இந்தியப் பட்டத்தோடு எங்கே தொடங்குவது?

காவேரி_ஃப்ரீமான்ட் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. உயிர்வேதியியலும் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜியும் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தனியார் டயக்னாஸ்டிக் லேபில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி பெஞ்ச், கொஞ்சம் எலைசா. இப்போது ஃப்ரீமான்டில் இருக்கிறோம். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாதான், ஆனால் அவருடைய கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டதால் வேலை அனுமதி அட்டை கையில் இருக்கிறது. மகளும் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மறுபடியும் லேபுக்குள் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இங்கே மருத்துவமனை லேபில் பரிசோதனை செய்து ரிசல்ட் வெளியிட கலிஃபோர்னியாவின் கிளினிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட் (சி.எல்.எஸ்) உரிமம் வேண்டும், அதற்கு ஒரு வருடப் பயிற்சி வேண்டும் என்பது வரை புரிந்துவிட்டது. அதற்கு மேல்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். மருத்துவமனைகளுக்குப் போன் செய்தால் "டிரெய்னி லைசென்ஸ் இருக்கிறதா?" என்கிறார்கள். டிரெய்னி லைசென்ஸ் பற்றிப் படித்தால் அங்கே பாடக் கணக்கு, யூனிட் கணக்கு என்று நீள்கிறது. ஒரு லேபில் என் இந்திய அனுபவத்தைச் சொன்னதும் "அது இங்கே செல்லாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொல்கிறார். இன்னொருவர் எம்.எல்.டி., அதாவது மெடிக்கல் லேப் டெக்னீஷியன், படித்தால் போதும் என்கிறார். முதல் அடியை எங்கே வைக்க வேண்டும்? என் லேப் வருடங்களுக்கு உண்மையிலேயே மதிப்பு இல்லையா?

சாக்ரமென்டோ_அக்கா:

காவேரி, நான் இங்கே மருத்துவமனை லேபில் சி.எல்.எஸ். மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி.யோடு மதுரையிலிருந்து வந்தவள். எங்கள் லேபுக்கு வரும் பயிற்சி மாணவர்களைப் பெஞ்சில் வைத்துப் பழக்குவதும் என் வேலைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "செல்லாது" பேச்சை எடுத்துக்கொள்வோம். உங்கள் அனுபவத்தைக் கேட்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, உரிமம் கொடுக்கும் எல்.எஃப்.எஸ். கலிஃபோர்னியா பொதுச் சுகாதாரத் துறையின் லேபரட்டரி ஃபீல்ட் சர்வீசஸ் பிரிவைத்தான் சொல்கிறேன். இன்னொன்று, பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்முகம். எல்.எஃப்.எஸ் பார்ப்பது பட்டம், பாடம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி. கோயம்புத்தூர் லேப் வருடங்கள் அந்த ஒரு வருடப் பயிற்சிக்கு ஈடாகிவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆனால் நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வருடங்கள் ரொம்பவே முக்கியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் மனசு உடைந்துபோயிருக்கிறீர்கள்.

அடுத்து, நீங்கள் வேலை செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது. மருத்துவமனைக்குப் போன் செய்வது கடைசியில் வருவது. முதலில் முடிக்க வேண்டியது பாடக் கணக்கு.

கணக்கு இதுதான். பட்டத்தோடு சேர்த்து வேதியியல் 16 செமஸ்டர் யூனிட் (யூனிட் என்றால் பாடத்துக்கான கிரெடிட்), அதற்குள் அனலிட்டிக்கலும் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரியும் இருக்க வேண்டும். உயிரியல் 18 யூனிட், அதில் ஹீமட்டாலஜி (ரத்தவியல்), இம்யூனாலஜி (நோயெதிர்ப்பியல்), மெடிக்கல் மைக்ரோபயாலஜி மூன்றும் கட்டாயம். இயற்பியல் 3 யூனிட், அதில் ஒளியும் மின்சாரமும் இருக்க வேண்டும்.

உயிர்வேதியியல் படித்த உங்களுக்கு வேதியியல் பிரச்சினையே இல்லை. இம்யூனாலஜி எம்.எஸ்சி.யில் தனித் தாளாகவே வந்திருக்கும். நம் ஊர்ப் பட்டத்தோடு வருகிறவர்கள் இடறி விழுவது இரண்டே இடங்களில், ஹீமட்டாலஜியிலும் இயற்பியலிலும்.

ஹீமட்டாலஜியை நாம் படிக்காமல் இல்லை. "ஹியூமன் ஃபிசியாலஜி" தாளில் ஒரு பகுதியாக, "கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி" தாளில் இன்னொரு பகுதியாகச் சிதறிக் கிடக்கும். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. பட்டியலை மட்டும் பார்க்கிற அதிகாரிக்கு நீங்கள் மைக்ராஸ்கோப்பில் ரத்த ஸ்மியர் பார்த்ததும் தெரியாது, அனீமியா வகைகளைப் படித்ததும் தெரியாது. அதனால் உங்கள் கல்லூரியிலிருந்து, நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தை, அதாவது சிலபஸ் நகலை, துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். பிற்பாடு பாடத்திட்டம் மாறியிருந்தால் புதியதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ நேரில் போய் நின்றால் வேலை நடக்கும். மின்னஞ்சலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

சிலபஸ் இருந்தும் ஹீமட்டாலஜிக்குத் தனிப் பாடம் காட்டச் சொன்னால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், இங்கே ஒரு பாடமாக எடுத்துவிடுங்கள். யு.சி. சான் டியேகோவின் எக்ஸ்டென்ஷன் பிரிவில் சி.எல்.எஸ் விண்ணப்பதாரர்களுக்கென்றே இந்தப் பாடங்களை நடத்துகிறார்கள். எப்படியும் உங்களுக்கு இந்தப் பாடம் தேவை. இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு பயிற்சியில் போய் நின்று பிளாஸ்ட் செல்லையும் (முதிராத ரத்த அணு) ரியாக்டிவ் லிம்ஃபோசைட்டையும் (தொற்று போன்றவற்றால் உருமாறிய வெள்ளையணு) பிரித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இயற்பியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பி.எஸ்சி.யில் உங்களுக்கு அல்லைடு இயற்பியல் இருந்ததா, அல்லைடு வேதியியல் மட்டும்தானா? இல்லையென்றால் இங்கே கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாம். உங்கள் ஊரிலேயே ஓலோனி காலேஜ் இருக்கிறது, அங்கே செமஸ்டர் முறை. கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை. ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் அங்கே 3 யூனிட் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைத்தால் கணக்கில் குறையும். இதைவிடப் பெரிய விஷயம், இயற்பியல் வரிசையில் முதல் பாடம் பெரும்பாலும் மெக்கானிக்ஸோடு நின்றுவிடும். ஒளியும் மின்சாரமும் அடுத்த பாடத்தில்தான் வரும். சேருவதற்கு முன்பே பாட விவரத்தில் அந்த இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கிடையில் பட்டங்களுக்குப் பாடவாரி மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். பொது மதிப்பீடு பத்தாது, ஒவ்வொரு தாளுக்கும் இங்குள்ள யூனிட் போட்டுக் காட்டும் அறிக்கை வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் மூடிய உறையில் நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டியிருக்கும். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். நம் மூன்று வருடப் பி.எஸ்சி.யைத் தனியாக அனுப்பினால் அதை இங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் முடிந்து எல்.எஃப்.எஸ்ஸில் டிரெய்னி லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, நீங்கள் தகுதியானவர் என்று அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகு, அதே மருத்துவமனைகள் உங்களிடம் வேறு மாதிரி பேசும். டிரெய்னி லைசென்ஸ் கையில் இல்லாமல் கலிஃபோர்னியாவில் பயிற்சியைத் தொடங்கவே முடியாது என்பதால்தான் போனில் அதை முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள். உங்களைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள்.

எம்.எல்.டி. பற்றி: அது மோசமான வழி இல்லை. ஆனால் இந்த மாநிலத்தில் எம்.எல்.டி. செய்யக்கூடிய பரிசோதனைகளுக்கு வரம்பு உண்டு, சம்பளமும் குறைவு. எம்.எஸ்சி. வைத்திருக்கும் நீங்கள் இரண்டு மூன்று பாடக் குறைக்காக அங்கே இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டெக்சஸ்_வழி:

அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் போன இன்னொரு பாதையையும் சொல்லிவிடுகிறேன்.

டெக்சஸில் லேப் ஆட்களுக்கு மாநில உரிமம் கிடையாது. நியூயார்க், ஃபுளோரிடா, டென்னசி, நெவாடா மாதிரி சில மாநிலங்களில் உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. அப்போது நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருந்தோம். லேப் பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்கும் என்.ஏ.ஏ.சி.எல்.எஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எம்.எல்.எஸ் (மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட்) பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து முடித்தேன். அதை வைத்து லேப் ஆட்களுக்குச் சான்றிதழ் தரும் ஏ.எஸ்.சி.பி. (அமெரிக்கன் சொசைட்டி ஃபார் கிளினிக்கல் பேத்தாலஜி) தேர்வு எழுதினேன். 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். நீங்கள் சரியாகப் பதில் போடப் போட அடுத்த கேள்வி கடினமாகும். 999க்கு 400 எடுத்தால் பாஸ். அதற்குப் பிறகுதான் மனைவியின் வேலைக்காக சான் டியேகோ வந்து கலிஃபோர்னியாவுக்கு விண்ணப்பித்தேன். பயிற்சி வெளிமாநிலத்தில் நடந்ததால் டிரெய்னி லைசென்ஸ் கேட்கவில்லை.

ஆனால் பாடக் கணக்கிலிருந்து தப்பிக்க முடியாது. தேர்வு பாஸ், டெக்சஸில் வேலை அனுபவம் எல்லாம் இருந்தும் கோப்பு இயற்பியலில் வந்து நின்றது. ஏ.எஸ்.சி.பி. இயற்பியலைக் கேட்பதில்லை, கலிஃபோர்னியா கேட்கிறது. ஒரு பாடம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு பின்னால் கலிஃபோர்னியா வரும் எண்ணம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த இயற்பியலை இப்போதே முடித்துவிடுங்கள்.

காவேரி, குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு வருடம் வேறு மாநிலம் போவது எல்லோருக்கும் முடியாது. அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவில் இடம் கிடைக்காமல் வருடம் கடந்துகொண்டே போனால் இப்படியும் ஒரு கதவு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பிசிஆர்_பிரியை:

பயோடெக்னாலஜி எம்.எஸ்சி. என்றதும் எழுதத் தோன்றியது. கலிஃபோர்னியாவில் முழு சி.எல்.எஸ் உரிமத்தோடு, ஒரு துறைக்கு மட்டுமான உரிமங்களும் உண்டு: கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, டாக்ஸிகாலஜி, சைட்டோஜெனெடிக்ஸ் என்று. நான் வைத்திருப்பது கிளினிக்கல் ஜெனெடிக் மாலிக்யுலர் பயாலஜிஸ்ட் சயின்டிஸ்ட் உரிமம். அதற்கும் பயிற்சி உண்டு, ஆனால் மாலிக்யுலர் லேபிலேயே, அதாவது டி.என்.ஏ. மாதிரியான பரிசோதனை செய்யும் இடத்திலேயே, நடக்கும். தேர்வும் ஏ.எஸ்.சி.பி.யின் மாலிக்யுலர் பயாலஜி தேர்வுதான்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஜெனெடிக் டெஸ்டிங் கம்பெனிகள் நிறைய இருப்பதால் நம்மைப் போன்றவர்கள் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். முதலில் உரிமம் தேவைப்படாத லேப் அசோசியேட் வேலையில் சேர்ந்து, உள்ளேயே பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்தவர்களும் உண்டு. நானும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த உரிமத்தோடு மருத்துவமனையின் பொது லேபில் ஹீமட்டாலஜி பெஞ்சிலோ பிளட் பேங்கிலோ நிற்க முடியாது. கம்பெனி ஆட்குறைப்பு செய்தால் அடுத்த வேலையும் மாலிக்யுலரிலேயே தேட வேண்டும். டி.என்.ஏ. சீக்வென்சிங் பிடித்தவர்களுக்கு இது நல்ல வாழ்க்கை. நோயாளிக்கு இன்றைக்கே ரிசல்ட் போக வேண்டும் என்ற அந்தப் பரபரப்பு பிடித்தவர்களுக்குப் பொது உரிமம்தான் சரி.

காவேரி_ஃப்ரீமான்ட்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி நேற்றே கல்லூரிக்குப் போய்ச் சிலபஸ் கேட்டிருக்கிறான், கொடுத்துவிடுவார்களாம். எனக்கு அல்லைடு வேதியியல்தான், இயற்பியல் இல்லை. ஓலோனியில் பார்க்கிறேன். மாலிக்யுலர் பற்றியும் யோசித்தேன், ஆனால் எனக்கு மருத்துவமனை லேப்தான் வேண்டும்.

அக்கா, இன்னும் சில கேள்விகள். பயிற்சி எந்த இடங்களில் நடக்கிறது? சம்பளம் இருக்குமா? நேர்முகத்தில் என் பழைய வருடங்களை எப்படிச் சொல்வது? "அங்கே நிறைய வேலை பார்த்தேன்" என்று பொதுவாகச் சொன்னால் யார் கேட்பார்கள்?

சாக்ரமென்டோ_அக்கா:

தம்பிக்கு ஒரு சபாஷ்.

இடங்கள்: சான் ஹோசே ஸ்டேட், சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் இரண்டிலும் பட்டத்துக்குப் பிந்தைய சி.எல்.எஸ் திட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் இணைந்திருக்கும் மருத்துவமனைகளில் ஒன்றில் பயிற்சி. ஃப்ரீமான்டிலிருந்து இரண்டும் எட்டும் தூரம். எங்கள் பக்கம் யு.சி. டேவிஸ் ஹெல்த் தனியாக நடத்துகிறது. தெற்கே என்றால் கார்சனில் டொமிங்கஸ் ஹில்ஸ், அப்புறம் லோமா லிண்டா பல்கலைக்கழகங்கள். விண்ணப்பத் தேதிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஒரு தேதி தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். அதனால் அவரவர் பக்கத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டி கடுமை, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு மருத்துவமனை ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு பேரைத்தான் எடுக்கும். பயிற்சியில் இருப்பவரை எப்போதும் ஒரு சி.எல்.எஸ் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவர் கையெழுத்தில்லாமல் ரிசல்ட் போகக்கூடாது. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் ஓடும் லேபில் இது பெரிய சுமை. ஆள் வேண்டும் என்று எல்லா லேபும் கேட்கிறது, ஆளை உருவாக்க இடம் கொடுப்பவை குறைவு. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. எங்கள் லேபில் ஒவ்வொரு முறையும் இன்னும் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

சம்பளம்: சில இடங்களில் உதவித்தொகை தருவார்கள், பல இடங்களில் ஒன்றும் கிடையாது, பல்கலைக்கழகத் திட்டமென்றால் கட்டணம் வேறு. வாரம் ஐந்து நாள் முழுநேரம், காலையில் சீக்கிரமே ஆரம்பிக்கும், மாலையில் படிப்பு. ஒரு வருடத்துக்கு வீட்டில் மகளை யார் பள்ளியில் விடுவது, யார் அழைத்து வருவது என்று கணவரோடு இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். விசா நிலை குறித்தும் விண்ணப்பிக்கும் இடத்திலேயே நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு யோசனை. ஃபிளெபாட்டமி, அதாவது ரத்தம் எடுப்பதற்கான சான்றிதழ் எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் 40 மணி நேரம் வகுப்பு, 40 மணி நேரம் நேரடிப் பயிற்சி, 50 முறை சிரையிலும் 10 முறை விரல் நுனியிலும் ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். அதை வைத்து மருத்துவமனை லேபில் அசிஸ்டன்டாக உள்ளே போய்விட்டால், பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் உங்களைத் தினமும் பார்ப்பார்கள். சாம்பிளை ஒழுங்காகப் பெயர் சரிபார்த்து வைக்கிறவரா, மூன்று பேர் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் எப்படிச் சமாளிக்கிறார், எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து வரும் பரிந்துரைக் கடிதத்துக்கு உள்ள கனம் பேராசிரியர் கடிதத்துக்கு வராது.

இப்போது நேர்முகம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்பட்டேன், ஏனென்றால் உங்கள் வருடங்கள் பேசும் இடம் இது.

நாங்கள் கேட்கும் கேள்வி இந்த மாதிரி இருக்கும். ஒரு நோயாளியின் பொட்டாசியம் 8க்கு மேல் வந்திருக்கிறது. கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் கீழே. அல்கலைன் பாஸ்பட்டேஸும் இறங்கியிருக்கிறது. சீரம் சிவப்பாக இல்லை, தெளிவாக இருக்கிறது. நோயாளி வெளிநோயாளர் பிரிவுக்கு நடந்து வந்தவர். என்ன செய்வீர்கள்?

புத்தகம் மட்டும் படித்தவர் "கிரிட்டிக்கல் வேல்யூ (உயிருக்கு ஆபத்தான அளவு), உடனே டாக்டரைக் கூப்பிடுவேன்" என்பார். பெஞ்சில் நின்றவர் முதலில் அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்ப்பார். ஹீமாலிசிஸ் (சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவப்பது) என்றால் பொட்டாசியம் ஏறும், ஆனால் கால்சியம் இப்படித் தரையில் விழாது. இது ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த சாம்பிள். பொட்டாசியம் உப்பாக இருப்பதால் பொட்டாசியம் ஏறுகிறது, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கால்சியம் இறங்குகிறது. யாரோ குழாய் வரிசையை மாற்றி எடுத்திருக்கிறார்கள், அல்லது ஒரு குழாயிலிருந்து இன்னொன்றில் ஊற்றியிருக்கிறார்கள். ரிசல்ட்டை வெளியிடாமல் நிறுத்தி, வெளிநோயாளர் பிரிவுக்குச் சொல்லி, புது சாம்பிள் கேட்டு, அதைப் பதிவு செய்ய வேண்டும்.

பயோகெமிஸ்ட்ரி பெஞ்சில் வருடக்கணக்கில் இருந்த உங்களுக்கு இது போன்ற சாம்பிள் வராமலா இருந்திருக்கும்? அப்படி உங்கள் கையில் வந்த இரண்டு மூன்று நிகழ்வுகளை ஞாபகப்படுத்தி எழுதி வையுங்கள். எந்தக் கருவி, என்ன எண் வந்தது, ஏன் சந்தேகப்பட்டீர்கள், யாரிடம் சொன்னீர்கள், கன்ட்ரோல் (கருவியைச் சோதிக்க ஓட்டும், அளவு தெரிந்த சாம்பிள்) வரம்பு தாண்டிய நாளில் ரன்னை நிறுத்தினீர்களா, திரும்ப ஓட்டினீர்களா. காலையில் டாக்டர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது கன்ட்ரோல் சரியில்லை என்று நிறுத்தியிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். நான் நேர்முகத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் இந்த ஒரு குணத்தைத்தான் தேடியிருக்கிறேன். கருவியை இயக்க மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சந்தேகம் வந்தால் கையை நிறுத்தும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ரொம்ப நாளாகும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் தயங்காதீர்கள். பிளட் பேங்க் உங்களுக்குப் புதுசு. ரத்த வகை பார்க்கும் ஏ.பி.ஓ. சோதனையில் ஃபார்வர்டும் (அணுக்களை வைத்து) ரிவர்ஸும் (சீரத்தை வைத்து) ஒத்துப்போகவில்லை என்றால் என்ன பொருள் என்பது வரை படித்துவிட்டுப் போங்கள், அதற்கு மேல் கேட்டால் "கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன்" என்பது கௌரவமான பதில்தான்.

பயிற்சி முடிந்த பிறகு ஏ.எஸ்.சி.பி. மாதிரி ஏற்கப்பட்ட தேர்வு ஒன்று, அதோடு மாநிலச் சட்ட விதிகள் பற்றிய ஒரு சின்ன ஆன்லைன் வினாத்தாள், அப்புறம் உரிம விண்ணப்பம். உரிமத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 24 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும். அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஓலோனியில் இயற்பியல் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் பாட விவரத்தை இங்கே போடுங்கள். பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.